நாலு பேருக்கு ஒரு பை

ஜூன் 1, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் ஒரு பருப்பு மில்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து மாதமாகக் கல்லாவுக்குக் கீழே கிடந்தது. நடுவில் ஏலக்காய் மடிக்க நாலு பக்கம் கிழித்திருக்கிறேன். அதனால் பிப்ரவரியில் எனக்கு நாலு நாள் கிடையாது.

இன்றைக்கு இதில் எழுதவேண்டிய நிலைமை வந்ததற்குக் காரணம் என் வாய். ராஜபாளையத்தில் சைக்கிளில் எண்ணெய் டின் கட்டி விற்ற கனகவேல், இப்போது கனகவேல் ஸ்டோர்ஸ் முதலாளி என்றால் அதற்குப் பாதிக் காரணமும் இந்த வாய்தான். ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் 'வாரப் பை' என்று ஒன்று போட்டேன். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், புளி, வத்தல், வெங்காயம், டஜன் முட்டை, தேயிலை, சர்க்கரை எல்லாம் ஒரே பையில். 'நாலு பேர், ஏழு நாள், வயிறார, 999 ரூபாய்' என்று போர்டு எழுதி வைத்தேன். பாலும் காய்கறியும் தனி. அதற்கு நாளைக்கு ஐம்பது ரூபாய் போதும் என்று வாங்க வந்தவர்களுக்குக் கூடவே உபதேசம்.

இன்று காலை கடையில் கூட்டம். நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை செய்கிற அழகுராணி வெறும் பையை உதறிக்கொண்டு வந்து நின்றது.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையே பை காலி."

"எப்படிம்மா காலியாகும்? கணக்குப் போட்டுல்ல கட்டியிருக்கேன்."

"கணக்கு சாப்பிடல அண்ணாச்சி, நாங்க சாப்பிட்டோம்."

கூட்டம் சிரித்தது. அந்த மில்லின் தொழிலாளர் நல அதிகாரி ஜெகந்நாத ராஜாவும் சிரித்ததுதான் வினை. அவர் வந்ததே, வாரம் நானூறு பை எடுத்து மில் ஆட்களுக்குக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா என்று பேசத்தான். நானூறு பை, பைக்கு எழுபது ரூபாய் லாபம். கூட்டிப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

"இந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க, கனகவேல்" என்றார்.

சொன்னேன். என் வீட்டிலும் நாலு பேர். இன்று முதல் நாலு வாரம் இந்தப் பைதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. இப்போதே நாலு பேரும் கடைத் தராசில் ஏறி நிற்கிறோம், 29ஆம் தேதி திரும்ப ஏறுகிறோம், ஒருத்தர் ஒரு கிலோ இளைத்திருந்தாலும் ஒரு பை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"எழுதி வைங்க அண்ணாச்சி, வாய்க்கணக்கு வேண்டாம்" என்றது அழகுராணி.

வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் ஆட்டோ அனுப்பி வரவழைத்தேன். மூட்டை ஏற்றும் தராசில் வரிசையாக நிறுத்தினேன். நான் 78.400. மனைவி சண்முகக்கனி 54.200. மூத்தவள் சுபிதா 49.600. இளையவள் தர்ஷினி 44.100. பில் போடாததுதான் பாக்கி.

ஜூன் 2, திங்கள்

மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கடையில் ஈ ஓட்டும் நேரம். இனி அதுதான் எழுதும் நேரம்.

காலையில் கனி பையைப் பிரித்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"என்ன, போதும்ல?" என்றேன்.

"நீங்க சொன்னா போதும்தான்" என்றாள். பொறுப்பான பதில்.

காலை ஆறு இட்லி. பதினோரு மணிக்கு நிலக்கடலை மூட்டை இறங்கியது, ரெண்டு பிடி வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல சரக்கு. பொரிகடலையும் பார்த்தேன். சரக்குப் பார்ப்பது சாப்பாட்டில் சேராது, அது தொழில்.

ஜூன் 4, புதன்

முட்டைக்குழம்பு. வாரம் டஜன் முட்டை, மூன்று நாள் நாலு நாலு முட்டை, ஆளுக்கு ஒன்று. என் திட்டம் அவ்வளவு சுத்தம். எனக்கு இன்னொன்று இருந்தால் தேவலை என்று தோன்றியது. சட்டியைப் பார்த்தேன், இருந்தது.

"நீங்க வச்சுக்கோங்க. எனக்கு முட்டை ஒத்துக்கிறதில்ல, வாயு" என்றாள் கனி.

கல்யாணமாகி இருபத்து மூணு வருஷம், எனக்கு இது தெரியவே தெரியாது. ஆக வாரத்துக்கு மூணு முட்டை உபரி. திட்டத்தில் இடம் இருக்கிறது.

ஜூன் 7, சனி

முக்கால் கிலோ அரிசி மிச்சம்! கனியே டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். காலையில் நீராகாரம் குடித்துக்கொள்கிறாளாம், உடம்புக்குக் குளிர்ச்சியாம். "இந்த வெயிலுக்கு இட்லி இறங்க மாட்டேங்குது" என்றாள். எனக்கு ஆறு இறங்குகிறது.

அழகுராணி வீட்டில் வெள்ளிக்கிழமை காலியாகிற பை, எங்கள் வீட்டில் சனிக்கிழமை மிச்சம் வைக்கிறது. சாமர்த்தியம் என்பது கடையில் வாங்குகிற சரக்கு இல்லை.

ஜூன் 9, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். முக்கால் கிலோ மிச்சம் வருகிறது என்றால் பையில் அரிசி அதிகம் என்று அர்த்தம். இந்த வாரத்திலிருந்து அரை கிலோ குறைத்துவிட்டேன். பைக்கு இருபத்திரண்டரை ரூபாய், நானூறு பைக்கு ஒன்பதாயிரம். வாரா வாரம்.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து வாயில் போட்டேன். கருப்பட்டி ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜூன் 12, வியாழன்

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பேரீச்சை புது லாட் வந்தது. ஏழெட்டுப் பழம் பார்த்தால்தான் தரம் தெரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அழகுராணி நேரே வீட்டுக்கே வந்துவிட்டது, மேற்பார்வைக்கு. நான் கூடத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்திருந்தேன். கனி உள்ளே இருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். உங்க வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரு?"

"இதென்ன கேள்வி? உங்க மதினிதான். பரிமாறுறவங்கதான கடைசி."

அது சிரித்தது. "அதான் உங்க வீட்டுப் பை ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குது. எங்க வீட்ல நானும் ஷிப்டுக்குப் போறவ. நானும் தட்டைப் போட்டு உக்காந்துருவேன். பை வெள்ளிக்கிழமை காலி."

கனியின் சிக்கனத்தைத்தான் பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். "கேட்டியா, மில்லுல இருந்து வந்து உனக்கு சர்டிபிகேட் குடுக்குது" என்று உள்ளே குரல் கொடுத்தேன். கனி மோர் டம்ளரைக் கொண்டுவந்து அழகுராணி கையில் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் விவகாரம்.

ஜூன் 18, புதன்

இன்று தையல்காரரிடம் சண்டை.

கனி ஜாக்கெட்டை உள்பக்கமாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "லூசா இருக்கு" என்றாள். ஏப்ரலில் தைத்தது. அளவு ஜாக்கெட் கொடுத்தும் ஒருத்தன் இப்படித் தைப்பானா? நேரே போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர், "அண்ணாச்சி, அக்கா போட்டுப் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் காசு வாங்கினேன்" என்று சத்தியம் செய்தார். நான் விடவில்லை. நாற்பது ரூபாய் திருப்பி வாங்கினேன். என்னை ஏமாற்ற முடியுமா?

ஜூன் 22, ஞாயிறு

இடையில் ஒரு தடவை எடை பார்க்கலாமா என்றேன். "29ன்னுதானே சொன்னீங்க, பேச்சு மாறாதீங்க" என்றாள் கனி. நியாயம்.

சாப்பிடும்போது சுபிதா திடீரென்று, "அப்பா, நீங்க அம்மா தட்டை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

"ஏன் பார்க்காம? கல்யாணத்துக்கு வந்த சில்வர் தட்டு. பின்னால பேர் வெட்டியிருக்கும்" என்றேன்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள். பி.காம். இரண்டாம் வருஷம். பரீட்சை பயமாக இருக்கும்.

ஜூன் 25, புதன்

காலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்த கனி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெயில்" என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை.

அந்தச் சர்க்கரையை வாரப் பைக் கணக்கில் சேர்த்தேன். யாருக்கும் தெரியாவிட்டாலும் எழுதிவிட வேண்டும் என்றுதானே டைரி.

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்து மணி. கடை முன்னால் ஐம்பது பேர். ஜெகந்நாத ராஜா நாற்காலியில். அழகுராணி தராசுக்குப் பக்கத்தில், எண்ணைப் படிக்கும் பொறுப்பில்.

நான் ஏறினேன். 79.100. எழுநூறு கிராம் ஏறியிருக்கிறேன்! "999 ரூபாய்ல அண்ணாச்சிக்குத் தொப்பை இலவசம்" என்று யாரோ சொன்னார்கள். சுபிதா 49.400. தர்ஷினி 44.300. கடைசியில் கனி, ரொம்ப மெதுவாக வந்து ஏறினாள்.

"அம்பத்துநாலு முந்நூறு" என்று படித்தது அழகுராணி. படித்துவிட்டு ஒரு தடவை கனியின் முகத்தைப் பார்த்தது.

கைதட்டினார்கள். ராஜா எழுந்து வந்து கை கொடுத்தார்.

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். துவரை மூட்டைக்குள் கல் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. மூட்டையைப் பிரிக்காமலே கண்டுபிடிப்பேன், நின்ற இடத்தில் ஒரு பக்கமாகச் சாயும். முப்பது வருஷத்தில் ஒருத்தன் என்னிடம் தப்பியதில்லை. கனி இடது பக்கம் சாய்ந்து நின்றாள். இறங்கும்போது இடுப்புப் பக்கம் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

கேட்ட பிறகுதான் ராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அதே நாள், மாலை

வீட்டுக்குப் போனேன். என் முதல் கடையின் இரும்பு எடைக்கற்கள் பூஜை அலமாரியில் இருக்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம். இன்று ரெண்டு கிலோ, ஒரு கிலோ, அரைக் கிலோ மூன்றும் இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே மூன்று வட்டம் மட்டும் இருந்தது.

கனி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"எது?"

"கல்லு."

"மூணரை" என்றாள். துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "நேத்து மருந்துக்கடை மெஷின்ல ஏறிப் பார்த்தேன். அம்பது எண்ணூறுதான் காட்டுச்சு" என்றாள். பழைய எடைக்கு நூறு கிராம்தான் கூடுதல்.

"எதுக்குக் கனி?"

"அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வந்துட்டீங்க. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"முட்டை ஒத்துக்காதுன்னு சொன்னியே?"

"ஒத்துக்கும்" என்றாள்.

தரையில் உட்கார்ந்தேன், போன புதன்கிழமை அவள் உட்கார்ந்த இடத்தில். இதுவரை யார் வந்தாலும் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடை ஆரம்பித்த புதிதில் வாரம் இருநூறு ரூபாயில் வீட்டை ஓட்டினோம், ஒரு வேளை பட்டினி கிடையாது என்று. லயன்ஸ் கிளப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள்.

"அந்த இருநூறு ரூபாய் நாள்லயும்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்போ ஏறி நிக்கத் தராசு இல்ல" என்றாள் கனி. கல்லைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பழைய வட்டத்தில் வைத்தாள். "சாப்பிட வாங்க. ஆறிப்போகுது."

ஜூன் 30, திங்கள்

காலை ராஜாவுக்கு போன் செய்தேன்.

"சார், நேத்து எடை தப்பு."

"தராசு தப்பா, நீங்க தப்பா?"

"நான்தான் சார். பையும் தப்பு. ஒரு வாரம் டைம் குடுங்க."

"வேற ஒருத்தர் 950க்குத் தர்றேன்னு நிக்கிறார், கனகவேல்."

"அவர் வீட்ல கடைசியா சாப்பிடுறது யாருன்னு கேளுங்க சார்" என்றேன். அழகுராணியின் சரக்கு, லேபிள் மட்டும் என்னுடையது.

பிறகு தையல்காரரிடம் போய் நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். "இப்ப சரியா இருக்கா அண்ணாச்சி?" என்றார். "ஜாக்கெட் அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்குகிற தைரியம் எனக்கும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

இந்த வாரம் பழைய பை, அரை கிலோ அரிசியைத் திருப்பிப் போட்டு நேற்றே பிரித்தாயிற்று. விதிகள் மூன்று: கனியும் பிள்ளைகளும் முதலில் சாப்பிடுவார்கள். நான் கடைசி. கடையில் சரக்குப் பார்ப்பது கிடையாது.

முதல் விதிக்குக் கனி ஒத்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. "நீங்க நிக்கையில நான் எப்படி உக்காந்து சாப்பிட?" என்று தட்டை வைத்துக்கொண்டு அழுதாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிமாறத் தெரியாமல் குழம்பை அவள் கை மேலேயே ஊற்றினேன். அழுகை நின்று சிரிப்பு வந்தது.

பதினோரு மணிக்குக் கடலை மூட்டை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

முருங்கைக்காய்க் குழம்பு. நான் உட்காரும்போது காய் தீர்ந்து குழம்பு மட்டும் இருந்தது. சோறும் அடியில் ஒட்டியதுதான்.

"போதுமா?" என்றாள் கனி.

"போதும், எனக்குப் பசியில்ல" என்றேன்.

இந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 3, வியாழன்

பசி. சாயங்காலம் நாலு மணிக்குப் பொரிகடலை டின்னைத் திறந்து மூடினேன். ரெண்டு தடவை.

ஜூலை 4, வெள்ளி

பை காலி.

அழகுராணிக்கு போன் செய்து சொன்னேன். "வாங்க அண்ணாச்சி" என்றது, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

கடையில் புதுப் பை போட்டோம். நான் தராசில். எதிரே கனியும் அழகுராணியும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆர்டர் போட்டார்கள். பருப்பு கால் கிலோ கூட்டு என்றார்கள், கூட்டினேன். முட்டை இருபது. அரைக் கிலோ நிலக்கடலை கட்டாயம் என்றது அழகுராணி: "நீங்க அதைத் தின்னுதான எழுநூறு கிராம் ஏறினீங்க? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க." தேயிலை உசத்தி ரகம் வேண்டாம், மட்டமானது போதும், அந்தக் காசை எண்ணெய்க்குப் போடுங்கள் என்றாள் கனி. இருபத்து மூணு வருஷமாக என் வீட்டில் ஒரு கொள்முதல் மேனேஜர் இருந்திருக்கிறாள், நான் வெளியில் ஆள் தேடியிருக்கிறேன்.

அடக்க விலை என் கையைக் கடித்தது. லாபத்தைப் பைக்கு இருபது ரூபாயாகக் குறைத்து 1,120 என்று வைத்தேன். எழுதிவிட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தது உண்மை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று ராஜா பையைப் பிரித்துப் பார்த்தார். விலையைப் பார்த்தார். நானூறு இல்லை, எண்பது பைதான், அதுவும் மூணு மாதத்துக்குச் சோதனையாக என்றார். மிச்சம் அந்த 950 ஆளுக்கு.

எண்பது இருபது ஆயிரத்து அறுநூறு. முதலில் கணக்குப் போட்டது இருபத்தெட்டாயிரம். ராத்திரித் தூக்கம் கெடும் என்று நினைத்தேன், கெடவில்லை. நேற்று கொஞ்சம் வயிறு நிறைய சாப்பிட்டதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

போர்டில் 'நாலு பேர்' என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் சுபிதா: 'சமைக்கிறவரையும் சேர்த்து.' பெயிண்டர் எழுத்துக்கு எட்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. சரி, ஏழுக்குப் பேசினேன்.

ஜூலை 27, ஞாயிறு

கடை திறக்கும் முன்னால் கனியைக் கூட்டி வந்தேன். கூட்டம் இல்லை, நாங்கள் ரெண்டு பேர்தான்.

"சாவிக்கொத்தை எடு" என்றேன். எடுத்தாள். "பர்ஸு." வைத்தாள். "இடுப்பு?" என்றேன். "போங்க" என்று முறைத்துவிட்டு ஏறினாள். நேராக நின்றாள், எந்தப் பக்கமும் சாயவில்லை.

51.600.

எண்ணூறு கிராம். சைக்கிள் காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ லாபம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்ன லாபத்தைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"இறங்கட்டுமா?" என்றாள் கனி.

"கொஞ்சம் இரு" என்றேன்.